நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்

கண்டனூரில், எங்கள் மொட்டைமாடியில்
உப்புக்கண்டம் காய்கிறது.
நூலில் கோத்த ஆட்டுக்கறித் துண்டுகள்,
மஞ்சளும் மிளகாயும் ஏறி, நான்காம் வெயில்.
ஒரு கையில் காக்கை விரட்டும் குச்சி,
மறுகையில் போன்.

இணையத்தில் கடை போட்டுப் பதினேழு நாள்.
பார்த்தவர் எண்ணிக்கை முப்பத்தொன்று.
அதில் இருபது தடவை நான்.
ஆறு தடவை தம்பி சாத்தப்பன், அபுதாபியிலிருந்து,
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று.

அப்போதுதான் அந்தக் குரல்:
"உமையாள் மேடம், கடை சூப்பர். டிராபிக்தான் இல்ல.
பத்தாயிரம் பேர், கியாரண்டி.
ரெண்டாயிரத்துக்கு ஒரு ரூபாதான் குறைச்சல்.
ஆஃபர் இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும்."

பத்தாயிரம் பேர்.
தீபாவளிக்கு முந்தின நாள்
காரைக்குடி கல்லுக்கட்டியில்கூட
அவ்வளவு தலையை நான் பார்த்ததில்லை.
நூற்றுக்கு ஒருத்தர் கால் கிலோ வாங்கினால் என்று
கணக்குப் போட்டேன்.
அதற்கு எத்தனை ஆடு என்றும் போட்டேன்.
பதினொன்று ஐம்பதுக்குப் பணம் போனது.

விடிந்தபோது படத்தில் கோடு
பனைமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது.
தம்பி கைதட்டும் பொம்மை அனுப்பினான்.
டப்பாக்களைத் துடைத்து அடுக்கினேன்.
பேக்கிங் டேப் ஆறு உருளை வாங்கினேன்.

ஒரு டப்பா அசையவில்லை.

மூன்றாம் நாள்தான் உறைத்தது,
ஒருத்தர்கூட விலை அதிகம் என்று சொல்லவில்லை.
எங்கள் பக்கத்து ஆட்கள்
விலை கேட்டு, முகம் சுளித்து,
நாலடி நடந்து, திரும்பி வந்து
மறுபடி கேட்பார்கள்.
எலும்போடயா, தனிக்கறியா, என்னிக்கு அறுத்தது,
கொரியர் காசு யாரு தலையில?
மூவாயிரத்துச் சொச்சம் பேரில்
கேட்க ஒரு வாய் இல்லை.

பட்டியலைத் திறந்தேன்.
வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊர், எல்லாரும் அங்கிருந்தே.
எல்லாரும் பின்னிரவு மூன்று மணிக்கே.
தங்கிய நேரம் பூஜ்யம் நொடி.

எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும்.
அந்த நேர்கோட்டில்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்,
ஓடியே போயிருக்கிறார்கள் அத்தனை பேரும்.

போன் போட்டேன்.
"அது பேசிக் பேக் மேடம்.
பிரீமியம் எடுங்க, நிஜ மனுஷங்க வருவாங்க."
அப்ப இதுவரைக்கும் வந்தது யாரு?
லைன் கட்.

அன்றிரவு கடையைக் கழற்றினேன்.
படம் இல்லை, விலை இல்லை, வாங்கும் பொத்தான் இல்லை.
வெள்ளைப் பக்கத்தில் ஒரே வரி:
'சரக்கு இல்லை. யாரும் வர வேண்டாம்.'

காலையில் பார்த்தால்
நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.

வயிறு எரிந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.
செலவு நோட்டை எடுத்தேன். கறி, கல்லுப்பு, நூல்,
அதற்குக் கீழே இந்தத் தொகை.
எந்தப் பெயரில் எழுத?
'காக்கைக்கு' என்று எழுதி, உடனே அடித்தேன்.
காக்கை வந்துபோனால் ஒரு துண்டாவது குறையும்.

பிறகுதான் பழைய முப்பத்தொன்று ஞாபகம் வந்தது.
என்னையும் தம்பியையும் கழித்தால் ஐந்து பேர்.
அதில் ஒருவர் திருமயத்திலிருந்து,
ஏழு நிமிடம் நின்றிருக்கிறார்.
ஏழு நிமிடம் எதைத் தேடினார்?
எலும்பைப் பற்றி நான் ஒரு சொல் எழுதவில்லை.
போன் நம்பர்கூடப் போடவில்லை.

போட்டேன். எலும்பு கிடையாது,
கால் கிலோ இவ்வளவு, கொரியர் இவ்வளவு,
மழை பெய்தால் இரண்டு நாள் தாமதம்.

இன்று மதியம், புதுக் கொடிக்குக் காவல் நிற்கையில்
தெரியாத எண்.
"உப்புக்கண்டம் போட்டிருக்கீகளே,
வெலை கொஞ்சம் கூடல்ல?"

குச்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
"கூடத்தான், சொல்லுங்க," என்றேன்.
முதுகுக்குப் பின்னால்
கொடி ஒரு தடவை ஆடியது.